மூன்றாவது பேட்டரி

என் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருப்புளி இருக்கிறது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த அளவு. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் டார்ச் விற்கிற கடைகளில் இப்போது என்னைக் கண்டால் சிரிக்கிறார்கள். விலை கேட்பதற்கு முன்னால், சுவிட்சைத் தட்டிப் பார்ப்பதற்கும் முன்னால், டார்ச்சைக் கவிழ்த்துப் பேட்டரி மூடியைப் பார்க்கிறேன். நகத்தால் நெம்புகிறேன். இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறேன். "வெளிச்சத்தைப் பாருங்கள் சார், மூடியைப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். 43 வயதுவரை நானும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஆடித் திருக்கல்யாண நாட்களில் ராமேஸ்வரம் ரத வீதிகளில் முளைக்கும் கடைகளைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கு, சோழி, பாசிமணி, பிளாஸ்டிக் பொம்மை எல்லாம் ஒரே தார்ப்பாயில் கிடக்கும். அங்கேதான் அந்த டால்பினை வாங்கினேன். கட்டைவிரல் நீளம், நீல நிறம், வாலில் சாவி வளையம். முதுகை அழுத்தினால் வாயைத் திறக்கும். தொண்டைக்குள்ளிருந்து இரண்டு எல்இடி எரியும். கூடவே கீச்சென்று ஒரு சத்தம். விலை நாற்பது ரூபாய். பாம்பனில் இருக்கும் என் தங்கையின் சின்ன மகனுக்கு இரண்டரை வயது. அங்கே காற்றுக் கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். போன நொடியில் அவன் அலற ஆரம்பிப்பான். கையில் சொந்தமாக ஒரு வெளிச்சம் இருந்தால் பயம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவும் செய்தது. ஒரு மாதம் அந்த டால்பினை வைத்துக்கொண்டுதான் தூங்கினான்.

வாங்கும்போது அதன் வயிற்றுப் பக்கத்தை நான் பார்க்காமல் இல்லை. மூடியில் திருகாணிக்கு ஓட்டை இருந்தது. திருகாணி இல்லை. அச்சில் வார்க்கும்போது இடம் விட்டிருக்கிறார்கள். பூட்டுகிறபோது எங்கோ ஐந்து பைசா மிச்சம் பிடித்திருக்கிறார்கள். மூடி வெறும் பிளாஸ்டிக் கொக்கியில் நின்றது. அந்தக் காலி ஓட்டையை நான் பார்த்தேன் என்பதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது. பார்க்கவில்லை என்றால் அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

பாலத்தில் நின்ற வண்டிகள்

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். மாப்பிள்ளை நாட்டுப்படகில் போயிருந்தார். நான் அம்மாவைப் பார்க்கப் போனவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போனது. சின்னவன் அழவில்லை, டால்பினையும் எரியவிடவில்லை. அதுவே வித்தியாசமாக இருந்தது. தங்கை செல்போன் வெளிச்சத்தில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இங்கே வாருங்கள்" என்றாள். டால்பின் வயிறு திறந்து கிடந்தது. மூடி ஒரு பக்கம். பக்கத்தில் இரண்டு பொத்தான் பேட்டரிகள். அதற்குப் போடுவது மூன்று.

பிள்ளையின் வாயோரம் எச்சில் வடிந்திருந்தது. கடைவாய்ப் பல் முளைக்கிற பிள்ளைக்கு எச்சில் வடியாதா என்று ஒரு மனது. இருமினானா என்று கேட்டால், ஒருமுறை இருமியதாகத் தங்கைக்கு ஒரு நினைப்பு. வாயைத் திறக்கச் சொன்னால் சிரிக்கிறான். விளக்குமாறும் செல்போனுமாக வீட்டைப் புரட்டினோம். அம்மா சொல்லாமலே ஒரு வேலை செய்தார்: தாரிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துப் பிள்ளையின் வாயில் ஊட்ட ஆரம்பித்துவிட்டார். எங்கள் தலைமுறையில் காசு விழுங்காத பிள்ளை உண்டா? காசு விழுங்கினால் வாழைப்பழம், மறுநாள் காலையில் கொல்லைப்புறத்தில் குச்சியோடு தேடல். நானே ஒரு பத்துப் பைசாவை அப்படித்தான் திரும்பக் கொடுத்தேனாம். பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணீரைக் கரைத்து எடுத்துவந்தார், வாந்தி எடுக்க வைக்கலாம் என்று. தங்கைதான் அதைத் தட்டிவிட்டாள். ஏன் தடுத்தாள் என்று பிறகு கேட்டேன். "தெரியவில்லை அண்ணே, பயமாக இருந்தது" என்றாள். அன்று எங்கள் வீட்டில் நடந்த ஒரே சரியான காரியம் அதுதான்.

தெருவில் இருந்த ஒருவரின் காரில் கிளம்பினோம். சாலைப் பாலத்தில் ஏறியதும் வண்டி நின்றது. சனிக்கிழமை மாலையில் அந்தப் பாலம் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதானே. வேன்களை ஓரமாக நிறுத்திவிட்டு, ரயில் பாலத்தைப் பின்னணியில் வைத்து ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர் பார்க்க வந்தவர்கள். டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. தங்கையின் மடியில் பிள்ளை, கடலைக் காட்டிப் படகு, படகு என்று எண்ணிக்கொண்டிருந்தான். பேசுகிறானே, அப்படியானால் தொண்டையில் ஒன்றும் இல்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது சரியான கணக்கு இல்லை என்று பிறகு தெரிந்தது. பேட்டரி சிக்குவது பெரும்பாலும் உணவுக்குழாயில். மூச்சுக்குழாய் அடைபடாமல் பேசிக்கொண்டும் விளையாடிக்கொண்டும் இருக்கிற பிள்ளைக்குள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். கொஞ்சம் இருமல், கொஞ்சம் எச்சில், சோறு வேண்டாம் என்று ஒரு முரண்டு. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துப் பாட்டில் மருந்து கொடுத்து இரண்டு நாளை ஓட்டிவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

ராமநாதபுரத்தில் நாங்கள் போன மருத்துவமனையில் டாக்டரம்மா விவரத்தை முழுதாகக் கேட்கவில்லை. "பொத்தான் பேட்டரி" என்ற சொல் காதில் விழுந்ததும் வரிசையில் இருந்தவர்களை நிறுத்திவிட்டு எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். மூக்கிலிருந்து அடிவயிறுவரை எடுக்கச் சொன்னார். மூக்கு எதற்கு என்று கேட்டேன். பிள்ளைகள் மூக்கில் திணித்துக்கொள்வது உண்டு, நடுத்தண்டு ஓட்டையாகிவிடும் என்றார். படத்துக்குக் காத்திருந்த நேரத்தில், என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, ஒரு விஷயம் சொன்னார். எக்ஸ்ரேயில் காசும் பேட்டரியும் வட்டமாகத்தான் தெரியும். காசுக்கு ஒரு கோடு, பேட்டரிக்கு விளிம்பில் இன்னொரு வளையம், இரட்டைக் கோடு. அந்த இரண்டாவது கோட்டைப் பார்த்துவிட்டால் இரவு பகல் பார்க்காமல் எடுத்தாக வேண்டும்.

படத்தில் ஒன்றும் இல்லை. விலா எலும்பு, முதுகெலும்பு, வயிற்றில் காற்று. அவ்வளவுதான். தங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாழைப்பழம் கொடுத்ததைச் சொன்னபோது டாக்டரம்மாவின் முகம் மாறியது. உள்ளே இருந்திருந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்போம், வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது சிக்கல் என்றார். பிறகு, "இருந்திருந்தால் இங்கிருந்து மதுரைக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் டால்பினைப் பார்த்ததிலிருந்து ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். மீதி இருந்தது இருபத்தைந்து நிமிடம். மதுரைக்கு 110 கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கழித்தல் கணக்கைத்தான் நான் எத்தனையோ இரவுகள் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அந்தக் கணக்கை அழிக்கவில்லை. தீவில் இருக்கிறவர்கள் நாற்பது ரூபாய் டார்ச் வாங்கும்போது கூடவே அந்தத் தூரத்தையும் வாங்குகிறோம்.

மஞ்சள் தடவிய மீன்

அம்மாவுக்கு இது எதுவும் விளங்கவில்லை. பேட்டரி ஒழுகினால்தானே ஆபத்து, புதுப் பேட்டரி ஏன் ஒழுகப் போகிறது, பழசு என்றால் அதில் ஒன்றும் மிச்சம் இருக்காதே என்பது அவருடைய கட்சி. பதில் சொல்லத் தெரியாமல், ஒருநாள் அவர் பொரிப்பதற்கு மஞ்சளும் உப்பும் தடவி வைத்திருந்த பாறை மீன் துண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எடை பார்க்கிற எந்திரத்தில் இருந்து சிஆர்2032 பேட்டரியைக் கழற்றினேன். இரண்டு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டம்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சரியாகப் போய் நிற்கிற அளவு. ஆகவே இருப்பதிலேயே கொடியது. டால்பினுக்குள் இருந்தவை எல்ஆர்44 ரகம்; 11.6 மில்லிமீட்டர், 1.5 வோல்ட். அது வயிற்றுக்குப் போய் வெளியேறிவிட வாய்ப்பு அதிகம், ஆனால் சின்னப் பிள்ளையிடம் அந்த நம்பிக்கையில் காத்திருக்க முடியாது. பேட்டரியின் குறுகிய முகம், அதாவது எதிர்முனை, மீனைத் தொடும்படி வைத்து, மேலே இன்னொரு துண்டை மூடி, கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்தேன்.

அடுப்பு மேடையில் அதைச் சுற்றி நாங்கள் நான்கு பேர். சில நிமிடங்களில் ஓரத்தில் நுரை கட்டியது. பிறகு மஞ்சள் நிறம் மாற ஆரம்பித்தது. முதலில் ஆரஞ்சு, அப்புறம் செங்கல், அப்புறம் இரத்தச் சிவப்பு. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஆரத்தித் தண்ணீர்போல் இருக்கிறதே" என்றார். சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்தார். ஆரத்தி கரைக்கத் தெரிந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மஞ்சள் சிவக்க வேண்டுமானால் சுண்ணாம்பு வேண்டும். இங்கே சுண்ணாம்பை யார் போட்டது?

யாரும் போடவில்லை. ஈரமும் உப்பும் இருக்கிற இடத்தில் பேட்டரியின் இரண்டு முகங்களுக்கும் நடுவே மின்சாரம் ஓடுகிறது. எதிர்முனை இருக்கும் இடத்தில் தண்ணீர் பிரிந்து, சுண்ணாம்பைப்போல் சதையை அரிக்கிற காரம் உண்டாகிறது. பேட்டரிக்குள் இருப்பது கசிய வேண்டிய அவசியமே இல்லை. அது முழுசாக, பளபளப்பாக, உடையாமல் இருந்துகொண்டே தன்னைச் சுற்றி காரத்தைத் தயாரிக்கும். எச்சில் போதும் அதற்கு. தண்ணீரைப் பிரிக்க 1.2 வோல்ட் அளவு போதுமானது என்பதால், டார்ச்சை எரிய வைக்க வலுவில்லாமல் நாம் தூக்கிப் போடுகிற பழைய பேட்டரியிலும் அந்த வேலைக்கு மிச்சம் இருக்கும். அன்று கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்த மாப்பிள்ளைதான் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். விசைப்படகின் அடிப்பக்கத்தில் துத்தநாகக் கட்டை அடித்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் வெவ்வேறு உலோகம் சேர்ந்தால் மின்சாரம் ஓடி இரும்பைத் தின்னும், இரும்புக்குப் பதிலாகக் கரையட்டும் என்றுதான் அந்தக் கட்டை. "கடல் தண்ணீர் செய்கிற வேலையை எச்சில் செய்கிறது, அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம் கழித்துத் துண்டைப் பிரித்தேன். பேட்டரி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம், ஓரம் கருத்து, நடுவில் சதை சோப்புப்போல் வழவழவென்று. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. தங்கை அடுப்படியை விட்டு வெளியே போய்விட்டாள். அம்மா அந்த மீனைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். பூனைக்கும் போடக் கூடாது என்றார்.

தேன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாழைப்பழம் இருந்த இடத்தில் அது உட்கார வேண்டும். 2018இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வில், தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து காரத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று கண்டார்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால், மருத்துவமனைக்குப் போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி, ஆறு தடவைக்கு மிகாமல் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே தேனே கூடாது. தேனைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்கவும் கூடாது. இருந்தால் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். தேன் மருந்து இல்லை, பாலத்தில் வண்டி நிற்கிற நேரத்துக்கு ஒரு ஈடு. வேறு சாப்பாடு, தண்ணீர், வாந்தி எதுவும் வேண்டாம்.

அப்பாவின் மூன்று கட்டை டார்ச்

அப்பாவிடம் ஒரு தகர டார்ச் இருந்தது. மூன்று பேட்டரிக்கட்டை போடுவது. ராத்திரி நண்டு பார்க்க முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது அதைத் தோளில் சாய்த்துப் பிடித்திருப்பார். அதன் பின்மூடியைத் திருகித் திறக்க எனக்குப் பத்து வயதுவரை கை பற்றவில்லை. உப்புக் காற்றில் மரை இறுகிக் கிடக்கும். பாதுகாப்பு என்று யாரும் யோசித்துச் செய்ததில்லை அது, துருதான் பூட்டு. அந்தக் கட்டைகளைக் கல்லில் தட்டி உடைத்து நடுவில் இருக்கும் கரிக்குச்சியை எடுத்துச் சுவரில் எழுதினோம். தீர்ந்துபோனதை வெயிலில் காயவைத்து இன்னும் ஒருநாள் ஓட்டினோம். பழையதோடு புதியதைக் கலந்து போட்டு, அது பொங்கி வழிந்து, டார்ச்சுக்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்ததை வெறும் கையால் சுரண்டினோம். இதெல்லாம் நல்ல காரியங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் விழுங்க முடியாத ஒரு பொருளோடுதான் நாங்கள் அத்தனை சேட்டையும் செய்தோம்.

இன்றைக்குப் பிள்ளைக்கு டார்ச் வாங்கப் போனால் எல்லாம் சுருங்கிவிட்டது. விரலில் மாட்டுகிற லைட், செருப்பில் மின்னுகிற லைட், சாவிக்கொத்து லைட்; எல்லாவற்றுக்குள்ளும் ஒரு பொத்தான் பேட்டரி. கையால் அமுக்கி அமுக்கி எரிய வைக்கிறது, பேட்டரியே வேண்டாம் என்று ஒரு கடையில் காட்டினார்கள். மகிழ்ந்துபோய் வாங்கிவந்து திருப்புளியால் பிரித்தால் உள்ளே இரண்டு சிஆர்2032. குலுக்கினால் எரிகிறது என்று விற்கிறவற்றிலும் இந்த ஏமாற்று உண்டு. கரண்டில் சொருகிச் சார்ஜ் செய்கிற டார்ச்சில், பின்பக்கம் இரண்டு பின் நீட்டிக்கொண்டிருக்குமே, அவற்றில் பலவற்றுக்கு உள்ளே டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சார்ஜில் இருக்கும்போது உள்ளே எல்லாமே 230 வோல்ட்டோடு தொடர்பில் இருக்கிறது. கடலில் குளித்துவிட்டு ஈரக் கையோடு வருகிற பிள்ளைக்கு அது வேண்டாம். பெரிய ஆட்கள் படகில் வைத்திருக்கும், 18650 என்ற அளவு லித்தியம் பேட்டரி போட்ட டார்ச், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம்தான். அதில் உப்புத் தண்ணீர் புகுந்து இரண்டு முனையும் சேர்ந்துகொண்டால் சூடேறி நெருப்பு பிடிக்கலாம். அதைப் பிள்ளையின் தலையணைக்கு அடியில் வைக்க என் மனது ஒப்பவில்லை.

நான் கடைசியில் எடுத்தது இரண்டு பென்சில் பேட்டரி போடுகிற, வெளிச்சம் குறைந்த, அழகில்லாத ஒரு பிளாஸ்டிக் டார்ச். மூடியில் திருகாணி இருந்தது. தளர்த்தினாலும் மூடியை விட்டுக் கழன்று விழாத திருகாணி. கழன்றுவிழுந்தால் அதையும் விழுங்குவார்களே. முற்றத்துச் சிமெண்ட் தரையில் ஆறு முறை போட்டேன். மூடி திறக்கவில்லை. தங்கை நான் கிறுக்குப் பிடித்து அலைகிறேன் என்று நினைத்தாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் பொம்மை என்று விற்பதற்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் டால்பின் விற்றவர் அதைப் பொம்மை என்றா விற்றார்? சாவிக்கொத்து என்றார், லைட் என்றார். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனிலிருந்து பொத்தான் பேட்டரி போடுகிற கிட்டத்தட்ட எந்தப் பொருளானாலும் மூடி பிள்ளைக் கைக்குத் திறக்கக் கூடாது. அமெரிக்காவிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் அப்படியொரு சட்டம் வந்தது. அங்கே பொம்மைகளுக்கு விதி ஏற்கெனவே இருந்தது. ரிமோட், சாவி, மெழுகுவத்திபோல் எரிகிற விளக்கு என்று பொம்மையல்லாத பொருட்களில்தான் ஓட்டை இருந்தது. ரத வீதித் தார்ப்பாய்வரை அப்படி ஒரு விதி வந்து சேரும்வரை திருப்புளி என் பையிலேயே இருக்கட்டும்.

காந்தம்

மூன்றாவது பேட்டரி ஒன்பது நாள் கழித்துக் கிடைத்தது. தங்கையின் பெரியவனுக்கு எட்டு வயது. பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தைத் தூண்டில் நரம்பில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு திரிவான்; கரு மணல் மயிர்போல அதில் ஒட்டும். அன்றும் இழுத்து வந்தான். காந்தத்தின் முதுகில், கரு மணல் புதருக்குள், பளபளவென்று ஒரு வட்டம்.

நான் அவனைக் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தங்கையைக் கேட்டோம், அம்மாவைக் கேட்டோம், விவரம் சொல்லத் தெரியாத சின்னவனைக் கூட வாயைத் திற, வயிற்றைக் காட்டு என்றோம். பெரியவன் அன்று முழுக்க வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். டால்பினைத் திறந்ததே அவன்தான். பேட்டரி காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்க்கத்தான் திறந்திருக்கிறான். ஒட்டியிருக்கிறது. அதற்குள் கரண்ட் போய், அவன் அம்மா அலறி, அம்மாச்சி பழத்தோடு ஓடி, எல்லாரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். "சொன்னால் அடிப்பீர்கள் என்று நினைத்தேன் மாமா" என்றான். அடித்திருப்போம். அந்த நேரத்தில் அவன் வாயைத் திறந்திருந்தால் முதல் அடி என்னுடையதாகத்தான் இருந்திருக்கும். டால்பினை வாங்கியது நானாயிற்றே. தம்பி விழுங்கியதைப் பார்த்திருந்தாலும் இப்படித்தான் வாசற்படியில் நின்றிருப்பானோ என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பேட்டரியின் மணலைத் துடைத்தேன். இரண்டு முகத்தையும் மூடி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுவது எப்படி என்று காட்டினேன். அவனே சுற்றினான், தேவைக்கு மேல் நாலு சுற்று. உயரத்தில் இருந்த டப்பாவில் அதைப் போட்டு மூடியதும் காந்தத்தைத் திருப்பிக் கேட்டான். கொடுத்தேன். நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்த்தபடியே கடற்கரைப் பக்கம் போனான்.